கோமளா மாமியின் முழங்கால் ஏன் தேறியது?

புதிதாகப் பிசியோதெரபி வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கேட்டவர் ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண். இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எதற்கு என்று முதலில் யோசித்தேன். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். என் குணம் அப்படி. பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் வீட்டில் என்னைச் சந்தேகப் பிராணி என்றுதான் கூப்பிடுவார்கள். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பிறகு சில வருடம் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை செய்தேன். இப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். அந்தக் குணம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அதற்காக நான் வெட்கப்படுவதும் இல்லை. முழங்கால் தேய்மானம் என்று நம்மிடம் வருகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர்கூட முழு உண்மையைச் சொல்லமாட்டார்கள். பயிற்சி செய்தீர்களா என்றால் செய்தேன் என்பார்கள். தரையில் உட்காராதீர்கள் என்றால் உட்காரவே இல்லை என்பார்கள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர், வேலைக்கே போகவில்லை, வீட்டில் படுத்தேதான் கிடக்கிறேன் என்று சத்தியம் செய்தார். அவருடைய சட்டைக் காலரில் வெங்காயச் சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"அது வீட்டுல சாம்பாருக்கு உரிச்சதுங்க மேடம்" என்றார்.

கழுத்துக்குப் பின்னால் வைத்தா உரித்தார் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேடம் ஒருவர் இருந்தார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நோயாளி 'செய்தேன்' என்றால் அவர் தலையாட்டமாட்டார், கோபப்படவும் மாட்டார். "காட்டுங்க" என்பார். அவ்வளவுதான். செய்தவர் செய்து காட்டுவார், செய்யாதவர் கூரையைப் பார்ப்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் பிழைத்தேன். வீட்டில் என் கணவரிடம்கூட அதைத்தான் சொல்வேன். கேஸ் மூடியாச்சா? மூடியாச்சு. காட்டுங்க.

தேறாத நோயாளியைச் சந்தேகப்படுவது சுலபம். அதை நீங்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். தேறிக்கொண்டிருக்கும் நோயாளியைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. நன்றாகிவிட்டார் என்றால் நமக்குச் சந்தோஷம், வெளியே சொல்லிக்கொள்ளப் பெருமை, அதோடு விட்டுவிடுவோம். நானும் அப்படி விட்டிருந்தால் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஓர் உயிர் போயிருக்கலாம். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கோமளா மாமிக்கு எழுபதைத் தாண்டிய வயது. வீடு கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில். மாமா காலமாகி வெகுநாள் ஆயிற்று. மகனுக்கு வெளியூரில் வேலை. மருமகள் வைதேகி பேங்குக்குப் போகிறவள். பகல் முழுவதும் மாமி தனியாகத்தான் இருப்பார். இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. நாற்காலியிலிருந்து எழ வேண்டுமானால் இரண்டு கைகளையும் ஊன்றி, பெருமாளைக் கூப்பிட்டு, அதற்குப் பிறகும் ஒருதரம் தவறி உட்கார்ந்துதான் எழுவார். எலும்பு டாக்டர் மூட்டு மாற்றும் ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அதற்கு முன் கொஞ்ச நாள் பயிற்சியும் கரண்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று என்னை அனுப்பினார்.

கரண்ட் என்று நம் ஊரில் சொல்வது டென்ஸ் மிஷினை. உள்ளங்கை அளவு பெட்டி, அதிலிருந்து ஒயர்கள், நுனியில் ஒட்டிக்கொள்ளும் பேட்கள். முழங்காலைச் சுற்றி ஒட்டி, பெட்டியிலுள்ள திருகைத் திருப்பினால் தோலுக்கடியில் குறுகுறுவென்று இருக்கும். அந்தக் குறுகுறுப்பில் வலி கொஞ்ச நேரம் அடங்கும். தேய்ந்த மூட்டு அதனால் வளராது. வலி அடங்கியிருக்கும்போது பயிற்சி செய்தால் தொடைத் தசை பலப்படும், அந்தத் தசைதான் முழங்காலைத் தாங்கும். நம் மக்களுக்கோ கரண்ட் என்றால் ஆசை, காலைத் தூக்கி இறக்குங்கள் என்றால் கசப்பு.

கரண்ட் வைப்பதற்கு முன் நாம் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா, காலில் மரத்துப்போன இடம் இருக்கிறதா என்று கேட்போம். பேஸ்மேக்கர் இருந்தால், அந்த இதய டாக்டர் சரி சொல்லாமல் கரண்ட் வைக்கக் கூடாது. நெஞ்சில் இருக்கும் கருவி இந்த மின்சாரத்தை இதயத் துடிப்பு என்று தப்பாக எடுத்துக்கொண்டு, தன் வேலையைச் செய்யாமல் இருந்துவிடலாம். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. யாருக்கு ஆகும் என்று முன்னாலேயே தெரியாது என்றுதான் சொல்கிறேன். மாமி எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றார். அந்த 'இல்லை'யை நம்பித்தான் மிஷினை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சில வாரத்தில் மாமி தேற ஆரம்பித்தார்.

"நன்னா இருக்கு செல்வி. ரொம்ப நன்னா இருக்கு. எல்லாம் அந்த மிஷின் பண்ற கைங்கர்யம்" என்றார்.

"பயிற்சி செய்யுறீங்களா மாமி?"

"பண்ணாம? தினம் பண்றேனே."

"காட்டுங்க."

மாமி கட்டிலில் படுத்தார். கூரையைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார், முட்டி மடங்கியது. பிறகு எதற்கோ கையைத் தூக்கினார். ஒருநாள்கூடச் செய்ததில்லை என்பது பளிச்சென்று தெரிந்தது. சரி, வழக்கமான பொய்தான் என்று தொடையைத் தொட்டுப் பார்த்தேன். அங்கேதான் எனக்குக் குழப்பம். தசை முன்னைவிடக் கெட்டியாக இருந்தது. எழுந்திருங்கள் என்றேன். நாற்காலியில் கை வைக்காமல் எழுந்து நின்றார். பெருமாளைக்கூடக் கூப்பிடவில்லை.

பயிற்சி செய்யாத ஒருவருக்குத் தொடை எப்படிப் பலப்படும்? மிஷின் வலியை அடக்கும், தசையை வளர்க்காது. எனக்குப் புரியாத ஒரு காரணத்தால் ஒருவர் குணமாகிறார் என்றால் அதே காரணம் நாளைக்கு வேறு எதையாவது செய்யும். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு எனக்கு ருசிக்கவில்லை.

அடுத்த தடவை பேட்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒருவர் பயன்படுத்தினால் பல வாரம் ஒட்ட வேண்டிய பேட்கள் ஒட்டாமல் வழவழவென்று செத்துக்கிடந்தன. தண்ணீர் பட்டிருந்தது. ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது, பூசிக் குளிக்கிற மஞ்சள். மாமி மஞ்சள் பூசுவதை மாமா போனபோதே விட்டவர். பெட்டியில் திருகும் நான் வைத்த இடத்தில் இல்லை.

வேறு யாரோ இந்த மிஷினை வைத்துக்கொள்கிறார்கள். நான் கேள்வி கேட்காத யாரோ.

மாமியைக் கேட்டேன். "வேற யாருக்காவது வச்சீங்களா மாமி?"

"இங்க யார் இருக்கா வைக்கறதுக்கு? நானும் பூனையும்தான்" என்றார். கண் என்னைப் பார்க்கவில்லை, மாடத்தைப் பார்த்தது.

எனக்கு முதலில் வைதேகி மேல்தான் சந்தேகம். மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் முழங்கால் வலியோடு நடமாடும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பேங்கிலிருந்து அவள் வரும் நேரம் பார்த்து வாசலிலேயே பிடித்தேன். கேட்டதும் சிரித்துவிட்டாள். பையை வைத்துவிட்டு, வாசல்படியில் சட்டென்று குந்தி உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து காட்டினாள். இவளிடம் 'காட்டுங்க' என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு முட்டியும் வலிக்கலை, மஞ்சளும் பூசறதில்லை. ஆனா எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு செல்வி மேடம்" என்றாள் குரலைத் தாழ்த்தி. "சில நாள் சாயந்தரம் நான் வரும்போது கூடத்துல நாற்காலியெல்லாம் இடம் மாறியிருக்கு. கேட்டா பூனைங்கறா. பூனை நாற்காலியை நகர்த்துமா?"

"எந்த நாள்னு கவனிச்சீங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஏகாதசி அன்னிக்குக் கண்டிப்பா. அன்னிக்கு அம்மாவுக்குத் தொண்டையே கட்டிண்டுடும். தனியா இருக்கறவா யாரோட அவ்வளவு பேசினா?"

அதைக் கேட்டதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஏகாதசி அன்றைக்கு அந்த வீதியில் பல வீடுகளில் அடுப்பு மூட்டி அரிசி வைக்கமாட்டார்கள். பெண்களுக்கு மத்தியானம் முழுக்கச் சும்மா கிடைக்கும். அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்த ஏகாதசி மத்தியானம், எனக்கு முறை இல்லாத நாளில், ஸ்கூட்டரைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போனேன். வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. ஏமாந்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு நினைத்துக்கொண்டேன், அதே வீதியில் இருப்பவர்கள் எதற்குச் செருப்புப் போட்டுக்கொண்டு வரப்போகிறார்கள்? கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

கூடத்தில் சுவரோரமாக நாற்காலிகளைப் போட்டு மாமிகள் உட்கார்ந்திருந்தார்கள். புடவையை முட்டிவரை தூக்கிவிட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் எங்கள் வராந்தாவில் உட்காருகிற அதே பொறுமையோடு. நடுவில் கோமளா மாமி. மூக்குக் கண்ணாடி நுனிக்கு வந்திருந்தது. ஒருத்தியின் காலடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பேட் ஒட்டுவார், எழுந்து போய் ஈரத்துணி கொண்டுவருவார், மறுபடி உட்காருவார், கழற்றுவார், எழுவார், பேட்டைத் துடைத்து அடுத்தவரிடம் போய் உட்காருவார். ஒருத்தி உடம்பில் பட்டதை அப்படியே இன்னொருத்திக்கு வைக்கலாமா என்று மடி ஆசாரத்துக்காகத் துடைக்கிறார். பேட் செத்துப்போனதன் ரகசியம் அதுதான்.

கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம்தான். தொடை ஏன் பலப்பட்டது என்பதற்கு விடை என் கண் முன்னால் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. நான் தலைகீழாக நின்று கேட்டும் செய்யாத பயிற்சியை மாமி வீதிக்காகச் செய்துகொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

மாமி என்னைப் பார்த்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். "நீ எங்க இன்னிக்கு? உன் முறை இல்லையே?"

"இந்தப் பக்கம் வந்தேங்க மாமி. தண்ணி குடிச்சுட்டுப் போகலாம்னு."

"தீர்த்தம்தானே, இரு. இவ ஒருத்திக்கு மட்டும் வச்சுட்டு வந்துடறேன். எதிராத்து அலமேலு. நாளைக்கு துவாதசி, ரெண்டு ஆத்துல தளிகை பண்ணணும் அவ. பாவம், அடுப்பு முன்னாடி நிக்கவே முடியலை. இத்தனை நாள் மாட்டேன் மாட்டேன்னா, இன்னிக்குத்தான் வழிக்கு வந்திருக்கா."

அலமேலு மாமியைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். வீதியில் விசேஷம், சிராத்தம் என்றால் அவர்தான் சமையல். அதை வைத்துத்தான் அவர் தனியாக, யார் தயவும் இல்லாமல் காலம் தள்ளுகிறார். பேட் ஏற்கெனவே அவர் முழங்காலில் ஒட்டியாயிற்று. மாமியின் விரல் திருகின் மேல் இருந்தது.

பக்கத்தில் முகம் முழுக்க மஞ்சள் பூசியிருந்த ஒரு மாமி சிரித்தார். பேட்டில் இருந்த மஞ்சள் யாருடையது என்று தெரிந்தது. "அப்பாடா, அலமேலுவோட மடி இன்னிக்காவது கொஞ்சம் இறங்கித்தே. கோயில் வாசல்ல போலீஸ்காரா வச்சிருக்காளே ஒரு கேட்டு, அதுக்குள்ளகூட நுழையமாட்டா. எல்லாரும் நுழையற கேட்டு, விழுப்புன்னு சுத்திண்டு போவா."

எல்லோரும் சிரித்தார்கள். அலமேலு மாமியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழுப்பு, அதாவது மடி கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர் கோயில் கூட்டத்துக்குள் போகலாமா? வரிசையில் முன்னால் நிற்பவர் மேலும் பின்னால் நிற்பவர் மேலும் இடிக்காமல் பெருமாளைச் சேவிக்க முடியுமா? அந்தக் கேட்டை மட்டும் ஏன் சுற்ற வேண்டும்? அது உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கேட். அதைச் சுற்றிக்கொண்டு போகும்படி யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். என் நோயாளிகளில் சிலர் ஏர்போர்ட்டிலும் அப்படித்தான் போவார்கள்.

"அலமேலு மாமி, நெஞ்சுல ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்குங்களா?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"எனக்கா? சே சே. ஒண்ணும் இல்லை."

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. வலது கை போய் இடது தோளில் புடவையை இழுத்து மூடியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் பலர் இங்கேதான் தவறுவீர்கள். எனக்கு உறுதியாகத் தெரியாது, சந்தேகம்தான். வாய்விட்டுச் சொன்னால் அலமேலு மாமி இன்னும் பலமாக மறுப்பார், அந்த மறுப்பை நம்பிக் கோமளா மாமி திருகைத் திருப்பிவிடுவார். நான் சொல்வது உண்மையாக இருந்தாலோ, வீதிப் பெண்கள் எல்லோர் முன்னாலும் ஒருவருடைய ரகசியத்தை உடைத்துப் போட்டவள் ஆவேன். அது அவர் சோற்றில் மண். அதோடு, நெஞ்சில் கருவி இருப்பவரிடம் 'ஐயோ எடுங்க' என்று கத்துவது நல்லதா? யோசிக்க நேரமில்லை. நல்ல பொய் ஒன்று வேண்டியிருந்தது.

"கொஞ்சம் குடுங்க மாமி" என்று பெட்டியை வாங்கினேன். ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "அடடா, உள்ள ஒயர் அறுந்திருக்கே. இது ஷாக் அடிக்கும்." பேட்களை மெதுவாகக் கழற்றி, பெட்டியை என் பையில் போட்டு மூடினேன்.

"இப்பத்தானே எனக்கு நன்னா இருந்தது?" என்றார் மஞ்சள் மாமி.

"அதுதாங்க இதுல மோசம். நல்லா இருக்கும், திடீர்னு இழுத்துடும்."

அவர் அவசரமாகத் தன் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கோமளா மாமி மட்டும் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமேலு மாமியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன்.

"வச்சிருக்கீங்க, இல்லீங்களா?"

சாத்திய கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு புடவையை விலக்கிக் காட்டினார். இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் சிறிய மேடு.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலைங்க. கோயில் கேட்டுதான் சொல்லுச்சு."

"சென்னையில பொண்ணாத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போய் வச்சுண்டு வந்தேன். தெரிஞ்சா ஒருத்தர் கூப்பிடமாட்டா செல்வி. தளிகை நடுவுல இவ மயங்கி விழுந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துடுவா. அப்புறம் நான் பொண்ணாத்து ஹால்ல போய் டிவி பார்த்துண்டு ஒக்காரணும். அதுக்கு இந்த மிஷினே வேண்டாம்னு விட்டிருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரே போயிருந்தா யார் வீட்ல தளிகை பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழுதார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அதே மேடையைப் பிடித்தபடி செய்யக்கூடிய பயிற்சியை அவருக்குக் காட்டினேன். சமைக்கும்போது உட்கார்ந்துகொள்ள உயரமான ஸ்டூல் ஒன்று போடச் சொன்னேன். அந்த வாரமே அவரோடு அவருடைய இதய டாக்டரிடம் போனேன். கரண்ட் கூடவே கூடாது, பயிற்சியை மெதுவாகச் செய்யலாம் என்றார்.

அடுத்த முறை கோமளா மாமி வீட்டுக்குப் போனபோது அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"மிஷின் ரிப்பேர் ஆயிடுத்தா?"

"ஆயிடுச்சுங்க மாமி."

"காட்டு."

என் சொல்லை என்மேலேயே திருப்பிவிட்டார். நான் பையைத் திறக்கவில்லை. அவரும் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"பொய் சொல்லத் தெரியலை உனக்கு" என்றார் கடைசியில். "அலமேலு நெஞ்சுல வச்சிருக்கறதுக்காகத்தானே பிடுங்கிண்டு போனே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? சென்னையிலேர்ந்து வந்தவ இடது கையாலே தண்ணிக் குடத்தைத் தொடமாட்டேங்கறா. அவ பொண்ணு எங்காத்து வைதேகிகிட்ட சொல்லி அழுதிருக்கா. ஆனா அவ வாயால சொல்லலையே. அவ சொல்லாதபோது நாம தெரிஞ்ச மாதிரி காட்டிக்கலாமா? தெரியாத மாதிரியே இருந்தேன்."

"தெரிஞ்சுமா மாமி கரண்ட் வச்சீங்க?"

மாமியின் முகம் மாறியது. "நெஞ்சுல மிஷின் இருக்கான்னு நீ கேட்டே. இருந்தா என்ன ஆகும்னு சொல்லலையே. அந்த மிஷினுக்கும் இந்த மிஷினுக்கும் ஆகாதுன்னு எனக்கு யார் சொன்னா?" என்றார். பிறகு மெதுவாக, "நானே அவளைக் கொன்னிருப்பேனா செல்வி?" என்று கேட்டார்.

தப்பு என்மேல்தான். நாம் எல்லோருமே அந்தக் கேள்விகளைக் கோயில் அர்ச்சகர் கோத்திரம் கேட்பது மாதிரி வேகமாகக் கேட்டுவிட்டுப் போகிறோம். நீங்களாவது கேள்வியோடு காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள். ஒருவர் மனம் கோணக்கூடாது என்று இன்னொருவர் மறைத்ததில் அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அந்த நல்ல மனசுதான் திருகின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தது.

மிஷினை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுபடி வீதியைச் சுற்றும். ஆனால் கூட்டத்தைக் கலைக்கவும் எனக்கு மனசு வரவில்லை, கலைத்தால் மாமி மறுபடி நாற்காலிக்கே போய்விடுவார். எழுந்து உட்கார்ந்ததுதான் உங்கள் முழங்காலைக் காப்பாற்றியது, கரண்ட் இல்லை என்று விளக்கிச் சொன்னேன். மாமி அதை முழுசாக நம்பவில்லை. ஆனாலும் அடுத்த ஏகாதசிக்கு எல்லோரையும் வரவழைத்தார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கையை மார்போடு கட்டிக்கொண்டு எழுந்து உட்காருவது, காலை நீட்டிப் பிடிப்பது என்று நான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆரம்பிப்பதற்கு முன் கோமளா மாமி கூடத்தின் நடுவில் வந்து நின்றார். "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. நெஞ்சுல மிஷின் வச்சிருக்கறவா காலுக்குக் கரண்ட் வச்சுக்கப்படாது. நெஞ்சு மிஷின் குழம்பிப் போயிடும், உசுருக்கே ஆபத்து. இனிமே யார் வீட்லயாவது யாராவது வைக்கிறேன்னா முதல்ல அதைச் சொல்லிடணும்." யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அலமேலு மாமி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு, "எனக்கு இருக்கு" என்றார்.

"தெரியுமே" என்றார் மஞ்சள் மாமி.

அலமேலு மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"பின்ன? எங்காத்து விசேஷத்துல பெரிய பாத்திரத்தையெல்லாம் நானே இறக்கி வச்சேனே, எதுக்குன்னு நினைச்சே? உன்னைத் தூக்க விட்டேனா?"

வேறு ஒருத்தியும் தலையாட்டினாள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அலமேலு மாமி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எதையும் நம்பாத எனக்குக்கூட அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக இருந்த நாற்காலியையே மறுபடி நேராக்கினேன்.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிறது. மாமிக்கு இன்னும் ஆபரேஷன் நடக்கவில்லை. இனிமேல் வேண்டியிருக்கலாம், தெரியாது. முழங்கால் விஷயத்தில் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இப்போது எனக்கே இடது முழங்கால் வலிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. போன ஏகாதசி அன்றைக்கு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வீதிக்குள் நுழைந்ததும் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தேன். கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. அலமேலு மாமி எல்லோருக்கும் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து.

கோமளா மாமி கண்ணாடிக்கு மேலாக என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நொண்டறயே."

"இல்லீங்களே மாமி."

"எக்ஸர்சைஸ் பண்றயா?"

"தினம் பண்றேங்க."

மாமி ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "காட்டு" என்றார்.

உட்கார்ந்தேன். கையை மார்போடு கட்டிக்கொண்டேன். எழப் போனபோது என் கை தானாகப் பிரிந்து நாற்காலியின் பிடியைத் தேடிப் போயிற்று. மாமி அதைப் பார்த்துவிட்டார்.